குரலுக்கு டிஎஸ்சிபி 46 குறியிட்ட பிறகும் அழைப்பு உடைகிறது: டிராஃபிக் பாலிசியை எந்தத் திசையில் பொருத்துவது?

தறிநூல் எழுதியது:

வணக்கம் நண்பர்களே. ஒரு கிளை அலுவலகத்தின் பிணையத்தைப் பார்த்துக்கொள்கிறேன். மாலையில் பேக்கப் தொடங்கியதும் தலைமை அலுவலகத்துடன் பேசும் அழைப்புகள் உடையத் தொடங்குகின்றன. வாடிக்கையாளர்களின் புகார்களை அங்கே மாற்றிவிடுகிற நேரமும் அதுதான். சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லிச் சலித்துப்போகிற சக ஊழியர்களின் குரல் அடுத்த அறையிலிருந்து எனக்குக் கேட்டுக்கொண்டே இருக்கிறது. இதை எப்படியாவது சரிசெய்ய வேண்டும்.

அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். மேசைகளை இணைக்கும் 48 போர்ட் அக்சஸ் ஸ்விட்ச் இரண்டு. மேசைக்கு ஒரு ஐபி ஃபோன், அதன் பின்னால் ஒரு கணினி. இரண்டு ஸ்விட்ச்சும் தலா 1 ஜிபிபிஎஸ் அப்லிங்க்கில் (மேலிணைப்பில்) நடுவிலுள்ள கோர் ஸ்விட்ச்சுக்குப் போகின்றன. கோரின் 47ஆவது போர்ட்டில் சேவை நிறுவனம் வைத்த பெட்டி இருக்கிறது. அது தலைமை அலுவலகத்துக்கு மட்டுமான தனி இணைப்பு, ஒப்பந்த வேகம் 100 எம்பிபிஎஸ். பிபிஎக்ஸ் (அழைப்புகளை இணைக்கும் தொலைபேசி மையம்), பேக்கப் சேமிப்பகம் இரண்டும் அந்த முனையில்தான். இணையத்துக்கு வேறு வழி, அதற்கும் இந்தச் சிக்கலுக்கும் தொடர்பில்லை.

அக்சஸ் ஸ்விட்ச்சில் இப்படி எழுதியிருக்கிறேன்: யுடிபி (குரல் பயணிக்கும் நெறிமுறை), சேரும் போர்ட் எண் 16384 முதல் 32767 வரை என்று பாக்கெட்டைப் பிரித்தறியும் ஒரு கிளாசிஃபையர்; டிஎஸ்சிபியை (பாக்கெட்டின் முன்னுரிமை வகுப்பைச் சொல்லும் எண்) 46 ஆக மாற்றும் ஒரு பிஹேவியர்; இரண்டையும் இணைக்கும் டிராஃபிக் பாலிசி. அதை எல்லா மேசை போர்ட்டிலும் உள்வரும் திசையில் பொருத்தியிருக்கிறேன். பேசும்போது கிளாசிஃபையரின் எண்ணிக்கை ஏறுகிறது. கோரில் க்யூஓஎஸ் (முன்னுரிமை வசதி) பொதுக் கட்டளையை இயக்கியது தவிர வேறொன்றும் இல்லை.

எனக்குப் புரியாதது இதுதான். எங்கேயும் நெரிசலே தெரியவில்லை. அப்லிங்க் 12 சதவீதத்தைத் தாண்டுவதில்லை. 47ஆவது போர்ட் பேக்கப் ஓடும் நேரம் முழுவதும் 10 சதவீதத்தில் நிற்கிறது. எல்லாப் போர்ட்டிலும் டிராப் (கைவிடப்பட்ட பாக்கெட்) 0, பிழை 0. இன்னொன்று: எதிர்முனையில் பேசுவது எங்களுக்குத் தெளிவாகக் கேட்கிறது. எங்கள் குரல்தான் அங்கே விட்டுவிட்டுக் கேட்கிறதாம்.

பாலிசியை வெளிச்செல்லும் திசையிலும் பொருத்த வேண்டுமா? 46க்குப் பதில் 56 என்று உயர்த்திப் பார்க்கலாமா? அல்லது பேக்கப்பை 60 எம்பிபிஎஸ்ஸில் பொலிசிங் (வரம்பு மீறும் பாக்கெட்டை வெட்டுதல்) செய்துவிடுவதா? அந்தக் கட்டளையில் பர்ஸ்ட் (ஒரே மூச்சில் வரவிடும்) அளவு தானாகவே 8000 பைட் என்று வருகிறது.

மூன்றாம்அடுக்கு எழுதியது:

47ஆவது போர்ட் 10 சதவீதத்தில் நிற்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். "நிற்கிறது" என்பதைக் கவனியுங்கள். ஏற்ற இறக்கம் இல்லாமல் ஒரு கோடு மணிக்கணக்கில் மட்டமாக ஓடினால் அது எதிலோ இடித்துக்கொண்டு ஓடுகிறது என்று பொருள். 1 ஜிபிபிஎஸ் போர்ட்டில் 10 சதவீதம் என்றால் 100 எம்பிபிஎஸ். அதுதான் உங்கள் ஒப்பந்த வேகம். இணைப்பு முழுவதும் நிரம்பி வழிகிறது. உங்கள் ஸ்விட்ச்சுக்கு மட்டும் அது தெரியாது.

ஏன் தெரியாது? கோர் ஸ்விட்ச்சைப் பொறுத்தவரை 47 ஒரு 1 ஜிபிபிஎஸ் போர்ட். வந்த பாக்கெட்டை 1 ஜிபிபிஎஸ் வேகத்தில் அப்படியே தள்ளிவிடுகிறது. 1500 பைட் பாக்கெட் ஒன்றை அந்த வேகத்தில் அனுப்ப 12 மைக்ரோ விநாடி போதும். வரிசை உருவாகவே வாய்ப்பில்லை. வரிசை இல்லாத இடத்தில் முன்னுரிமைக்கு வேலையும் இல்லை. நெரிசல் உருவாவது அடுத்த பெட்டியில். அங்கே 100 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் வருவதைச் சேவை நிறுவனத்தின் பொலிசர் வெட்டித் தள்ளுகிறது. அது உங்கள் 46ஐப் பார்ப்பதில்லை. பார்க்கச் சொல்லி ஒப்பந்தம் இருந்தால்தான் பார்க்கும். உங்கள் டிராப் கவுன்டர் 0 என்பது பொய்யில்லை. டிராப் உங்கள் எல்லைக்கு வெளியே நடக்கிறது, அவ்வளவுதான். நீங்கள் சொன்ன திசையும் இதோடு பொருந்துகிறது. பேக்கப் வெளியே போகிறது, வெளியே போகிற குரல் உடைகிறது, உள்ளே வருவது தெளிவாக இருக்கிறது.

மடை யார் கையில் இருக்கிறதோ அவர்தான் எந்த வாய்க்காலுக்கு முதலில் தண்ணீர் என்று சொல்ல முடியும். மடையை உங்கள் பக்கம் கொண்டுவாருங்கள். 47ஆவது போர்ட்டில் வெளிச்செல்லும் திசையில் ஷேப்பர் (மிகுதியை உடனே வெட்டாமல் வரிசையில் நிறுத்தி அனுப்புவது) வைத்து வேகத்தை 95 எம்பிபிஎஸ்ஸுக்குக் கட்டுப்படுத்துங்கள். அப்போது வரிசை உங்கள் ஸ்விட்ச்சுக்குள் உருவாகும். அங்கே குரலுக்குக் கண்டிப்பான முன்னுரிமை வரிசை, மற்றவற்றுக்கு எடை அடிப்படையிலான பகிர்வு என்று நீங்கள் வைத்தது நடக்கும். 100 என்றே வைக்காதீர்கள். சில சாதனங்கள் ஈதர்நெட் சட்டகத்தின் முன்குறியையும் இடைவெளியையும் கணக்கில் சேர்க்கும், சில சேர்க்காது. சட்டகத்துக்கு 20 பைட் வித்தியாசம். பெரிய பாக்கெட்டில் அது ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல்தான். குரல் போன்ற சிறிய பாக்கெட்டில் 8 சதவீதத்தைத் தாண்டும்.

அடுத்தது, உங்கள் 46 கோர் வரைக்கும் உயிரோடு போகிறதா என்பது. டிராஃபிக் பாலிசி எழுதுகிற பலர் இந்த இடத்தைக் கவனிப்பதில்லை. குறியிடுவது வேறு, முன்னுரிமை கொடுப்பது வேறு. உள்வரும் திசையில் நீங்கள் பொருத்தியது பாக்கெட்டின் நெற்றியில் ஓர் எண்ணை எழுதுகிறது. வழியில் உள்ள ஒவ்வொரு ஸ்விட்ச்சும் அந்த எண்ணை நம்ப வேண்டும், நம்பிச் சரியான வரிசையில் போட வேண்டும். கோரில் "பொதுக் கட்டளையை இயக்கியது தவிர வேறொன்றும் இல்லை" என்ற உங்கள் வரி எனக்குக் கவலை தருகிறது. எல்லாச் சாதனமும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. சிஸ்கோவின் கேட்டலிஸ்ட் 2960, 3560, 3750 காலத்து ஸ்விட்ச்சுகளில் க்யூஓஎஸ் பொதுக் கட்டளையை இட்ட கணமே, டிரஸ்ட் (வரும் குறியை நம்பு) என்று சொல்லப்படாத போர்ட்டில் நுழைகிற பாக்கெட்டின் டிஎஸ்சிபி 0 ஆகிவிடும். க்யூஓஎஸ் இயக்காமல் இருந்தபோது குறி அப்படியே கடந்து போயிருக்கும். பின்னால் வந்த 3850, 9300 வகைகள் சொல்லாமலே நம்பும். அந்தப் பழைய வகையில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. சிஓஎஸ்ஸை (ஈதர்நெட் சட்டகத்தில் உள்ள 0 முதல் 7 வரையான முன்னுரிமை எண்) நம்பச் சொன்னால் 5 என்பதை டிஎஸ்சிபி 40 ஆக மாற்றும், 46 ஆக அல்ல. அந்த அட்டவணையை நாம்தான் திருத்த வேண்டும். உங்கள் கோர் எந்த வகை என்று ஊகிக்க வேண்டாம். 47ஆவது போர்ட்டை மிரர் செய்து (அதில் போவதை இன்னொரு போர்ட்டுக்கு நகலெடுத்து) வயர்ஷார்க் என்ற பாக்கெட் பார்க்கும் மென்பொருளில் ஓர் அழைப்பைப் பிடியுங்கள். ஐபி தலைப்பில் டிஎஸ்சிபி என்ன என்று பார்த்தால் விவாதம் முடிந்தது.

இனி உங்கள் மூன்று கேள்விகள். வெளிச்செல்லும் திசையில் அதே குறியிடும் பாலிசியைப் பொருத்துவதில் பயனில்லை. அந்தத் திசையில் வேண்டியது ஷேப்பரும் வரிசை அமைப்பும். 56 வேண்டவே வேண்டாம். 48, 56 ஆகியவை இருக்கும் மேல்வகுப்புகள் பிணையத்தின் கட்டுப்பாட்டுக்கானவை. ஓஎஸ்பிஎஃப், பிஜிபி போன்ற ரூட்டிங் (வழி கண்டறியும்) நெறிமுறைகள் 48இல்தான் பயணிக்கின்றன. குரலை அதற்கும் மேலே ஏற்றினால் நெரிசலான ஒரு நாளில் ரூட்டிங் அண்டைத் தொடர்பே அறுந்துவிடலாம். குரலுக்கு 46 என்பது 1999 முதல் ஆர்எஃப்சி என்ற இணையத் தர ஆவணம் வழியாக நிலைபெற்ற மதிப்பு. அதைத் தொடாதீர்கள்.

பொலிசிங் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 60 எம்பிபிஎஸ்ஸுக்கு 8000 பைட் பர்ஸ்ட் என்றால் டோக்கன் தொட்டியில் (அனுப்ப மிஞ்சியிருக்கும் அனுமதிக் கணக்கு) ஏறத்தாழ 1 மில்லி விநாடிக்கான இடம்தான் இருக்கிறது. பேக்கப் சர்வர் 1500 பைட் பாக்கெட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக அனுப்புகிறது. ஐந்து போனதும் தொட்டி காலி, ஆறாவது வெட்டுப்படும். டிசிபி (பேக்கப் பயணிக்கும் நெறிமுறை) உடனே வேகத்தைக் குறைக்கும், மெல்ல ஏறும், மறுபடி வெட்டுப்படும். 60 என்று எழுதியிருப்பீர்கள், கிடைப்பது அதைவிட மிகக் குறைவாக இருக்கும். பிறகு பேக்கப் விடியும்வரை முடியவில்லை என்ற புகார் வரும். எதிர்முனைக்குப் போய்வரும் நேரம் 20 மில்லி விநாடி என்று வைத்துக்கொண்டால், பர்ஸ்ட் குறைந்தது 1,50,000 பைட் இருக்க வேண்டும். அதைவிட, பேக்கப்பை வெட்டுவதற்கே காரணம் இல்லை. அதற்கு டிஎஸ்சிபி 8 குறியிட்டு, ஷேப்பருக்குப் பின்னால் குறைந்த எடையுள்ள வரிசையில் விடுங்கள். யாரும் பேசாதபோது முழு 95ஐயும் அது எடுத்துக்கொள்ளட்டும்.

குரலுக்கு எவ்வளவு ஒதுக்குவது என்று அடுத்துக் கேட்பீர்கள். ஜி.711 என்ற குரல் குறியாக்கம், 20 மில்லி விநாடிக்கு ஒரு பாக்கெட்: 160 பைட் குரல், 40 பைட் தலைப்புகள், ஈதர்நெட்டுக்கு 18. மொத்தம் 218 பைட், விநாடிக்கு 50 முறை. ஓர் அழைப்புக்கு ஒரு திசையில் 87.2 கேபிபிஎஸ். ஒரே நேரத்தில் 60 பேர் பேசினாலும் 5.3 எம்பிபிஎஸ்ஸுக்குள் அடங்கும். முன்னுரிமை வரிசைக்கு 10 எம்பிபிஎஸ் உச்சவரம்பு வையுங்கள். வரம்பில்லாத கண்டிப்பான முன்னுரிமையை நான் எந்தப் பிணையத்திலும் விட்டுவைப்பதில்லை. யாராவது ஒருவர் தவறான எதையோ 46 ஆக்கிவிட்டால் மற்ற எல்லாமே பட்டினி கிடக்கும்.

தறிநூல் எழுதியது:

ஐயா, மிக்க நன்றி. மிரர் செய்து பார்த்தேன். அக்சஸ் அப்லிங்க்கில் 46, 47ஆவது போர்ட்டில் 0. கோரின் இரண்டு அப்லிங்க் போர்ட்டிலும் டிஎஸ்சிபியை நம்பச் சொன்னதும் 47இலும் 46 தெரிகிறது. 95 எம்பிபிஎஸ் ஷேப்பர், 10 எம்பிபிஎஸ் வரம்புள்ள முன்னுரிமை வரிசை, பேக்கப்புக்கு 8 எல்லாம் வைத்தாகிவிட்டது. இப்போது 47இல் டிராப் எண்ணிக்கை ஏறுகிறது, எல்லாமே கீழ் வரிசையில். முன்னுரிமை வரிசையில் 0. அந்த எண்ணிக்கை ஏறுவதைப் பார்த்து மகிழ்வேன் என்று நினைக்கவே இல்லை.

பல அழைப்புகள் இப்போது தெளிவு. ஆனால் சில அழைப்புகள் முன்பைவிட மோசமாகிவிட்டன. ஒரே ஃபோனில் ஓர் அழைப்பு அருமை, அடுத்தது கேட்கவே முடியவில்லை. மோசமான ஒன்றைப் பிடித்துப் பார்த்தேன். அந்தக் குரல் பாக்கெட்டுகளில் டிஎஸ்சிபி 46ம் இல்லை, 0வும் இல்லை. 11 என்று இருக்கிறது. என் உள்ளமைவில் எங்கேயும் 11 என்ற எண்ணே கிடையாது. சேரும் போர்ட் 12648. இது எங்கிருந்து வருகிறது?

மணியோசை எழுதியது:

பிபிஎக்ஸ் பக்கத்திலிருந்து வருகிறவன் என்பதால் இந்த 11ஐப் பார்த்ததும் கை நீட்டிவிட்டேன்.

அந்த எண்ணை எழுதுவது உங்கள் ஸ்விட்ச் இல்லை, ஃபோன். டிஎஸ்சிபி 6 பிட். அது உட்கார்ந்திருக்கும் பைட் 8 பிட், கடைசி இரண்டும் நெரிசல் அறிவிப்புக்கானவை. டிஎஸ்சிபி 46ஐ முழு பைட்டாக எழுதினால் 184. பல ஃபோன்களின் அமைப்புப் பக்கத்தில் கேட்கப்படுவது டிஎஸ்சிபி அல்ல, அந்த முழு பைட். அங்கே 46 என்று எழுதினால் பைட் 00101110 ஆகிறது. முதல் ஆறு பிட்டை மட்டும் எடுங்கள்: 001011. அதுதான் 11. தலைமை அலுவலகத்திலிருந்து எல்லா ஃபோனுக்கும் போகிற பொது உள்ளமைவுக் கோப்பில் அந்த இடத்தைத் தேடச் சொல்லுங்கள், 184 ஆக மாற்றினால் போதும்.

அப்படியானால் சில அழைப்புகள் மட்டும் ஏன் நன்றாக இருக்கின்றன? உங்கள் கிளாசிஃபையர்தான் காரணம். 16384 முதல் 32767 என்பது சில தயாரிப்பாளர்களின் வழக்கம். ஆஸ்டெரிஸ்க் என்ற பிபிஎக்ஸ் மென்பொருளின் மாதிரிக் கோப்பில் 10000 முதல் 20000 வரை. பிபிஎக்ஸ் அதன் வழி வந்ததாக இருந்தால், அழைப்புக்கு 16384க்கு மேல் ஒரு போர்ட் கிடைத்தபோது உங்கள் பாலிசி 46 எழுதியிருக்கும். 12648 போன்ற ஒன்று கிடைத்தால் பாலிசி அதைத் தொடாமல் விட்டிருக்கும், ஃபோன் எழுதிய 11 அப்படியே கோருக்குப் போயிருக்கும். பெரும்பாலான ஸ்விட்ச்சுகள் 8 முதல் 15 வரையான டிஎஸ்சிபியை ஒரே வரிசையில் போடுகின்றன. பேக்கப்புக்கு 8 கொடுத்தீர்களே, அதே வரிசை. குரலும் பேக்கப்பும் தோளோடு தோள் நின்று வெட்டு வாங்குகின்றன. முன்பு கோர் எல்லாவற்றையும் 0 ஆக்கியதால் இந்த வேறுபாடு வெளியே தெரியவில்லை.

போர்ட் எண்ணை வைத்துக் குரலைப் பிரிக்காதீர்கள். அந்த எல்லைக்குள் வேறு எத்தனையோ யுடிபி பயன்பாடுகள் ஓடும், குரலோ எல்லைக்கு வெளியே போகும். ஃபோன்களுக்குத் தனி விஎல்ஏஎன் (பிரித்துவைத்த மெய்நிகர் பிணையம்) இருக்கும்தானே? கிளாசிஃபையரில் அந்த விஎல்ஏஎன்னைப் பொருத்துங்கள். அதில் அழைப்பை நிறுவும் சிப் (எஸ்ஐபி) சமிக்ஞையை மட்டும் போர்ட் 5060, 5061 கொண்டு பிரித்து 24 கொடுத்து முதல் வகுப்பாக வையுங்கள். மீதமுள்ள யுடிபிக்கு 46. இந்த வரிசைமுறை முக்கியம். முதலில் பொருந்துகிற வகுப்பே எடுத்துக்கொள்ளப்படும் பாலிசியில், பரந்த வகுப்பை மேலே வைத்தால் குறுகியது எட்டவே எட்டாது. கணினிகளின் விஎல்ஏஎன்னில் பேக்கப் சேமிப்பகத்தின் முகவரிக்குப் போவதற்கு 8, மற்ற எல்லாவற்றுக்கும் 0. இந்த 0 எழுதும் கடைசி வகுப்பை விட்டுவிடாதீர்கள். அது இல்லையென்றால் ஃபோனின் பின்னால் உள்ள கணினியில் எந்த மென்பொருளும் தனக்குத்தானே 46 போட்டுக்கொண்டு குரலின் வரிசையில் நுழைந்துவிடலாம்.

அலைவரிசை எழுதியது:

இந்த இழையைப் பின்னால் தேடி வருகிறவர்களில் வைஃபை ஃபோன் வைத்திருப்பவர்களும் இருப்பார்கள், அவர்களுக்காக ஒன்று. 46 சரியாக வந்தாலும் அணுக்கப் புள்ளி அதன் முதல் மூன்று பிட்டை மட்டும் எடுத்தால் 5 கிடைக்கும். வைஃபையில் 5 என்பது காணொளி வகுப்பு. குரல் வகுப்புக்கு 6 வேண்டும். 2018இல் வந்த ஆர்எஃப்சி 8325 இதைத்தான் ஒழுங்குபடுத்துகிறது: 46 வந்தால் 6க்கு மாற்று என்கிறது. கம்பி வழியில் எல்லாம் சரியாக இருந்தும் கம்பியில்லா ஃபோன்கள் மட்டும் உடைந்தால் அணுக்கப் புள்ளியின் அந்த அட்டவணையைப் பாருங்கள்.

தறிநூல் எழுதியது:

மணியோசை சொன்னது அப்படியே சரி. பிபிஎக்ஸ் ஆஸ்டெரிஸ்க் வழி வந்ததுதான், எல்லை 10000 முதல் 20000. ஃபோன் கோப்பில் "டிஓஎஸ்" (அந்த முழு பைட்) என்ற இடத்தில் 46. அதை மாற்றும்படி தலைமை அலுவலகத்துக்கு எழுதியிருக்கிறேன். அதற்குக் காத்திராமல் பாலிசியை விஎல்ஏஎன் அடிப்படையில் திருத்திவிட்டேன்: சிப் முதலில், பிறகு குரல், பிறகு பேக்கப், கடைசியில் எல்லாவற்றுக்கும் 0. 47இல் பிடித்துப் பார்த்த குரல் பாக்கெட் எல்லாமே 46. பேக்கப் ஓடும்போதே எதிர்முனையில் ஒருவரை அழைத்து நீண்ட நேரம் பேசச் சொன்னேன், ஒரு சொல்கூட விழவில்லை. பேக்கப்பும் முன்பு முடிந்த நேரத்துக்கே முடிகிறது.

ஒரே ஒரு ஐயம். கீழ் வரிசையில் டிராப் ஏறுவது குறைய அதன் பஃபரை (பாக்கெட் காத்திருக்கும் இடத்தை) பெரிதாக்கலாமா?

மூன்றாம்அடுக்கு எழுதியது:

கொஞ்சம் பெரிதாக்கலாம், அளவோடு. 10,00,000 பைட் கொண்ட வரிசை 95 எம்பிபிஎஸ்ஸில் காலியாக ஏறத்தாழ 84 மில்லி விநாடி ஆகும். அந்த வரிசையில் பேக்கப் மட்டும் இருக்கும்வரை அந்தத் தாமதம் யாருக்கும் வலிக்காது. ஆனால் பல ஸ்விட்ச்சுகளில் பஃபர் பொதுத் தொகுப்பு. ஒரு வரிசைக்குக் கூட்டினால் இன்னொன்றுக்குக் குறையும். கூட்டிய பிறகு முன்னுரிமை வரிசையின் டிராப் இன்னும் 0தானா என்று நெரிசல் நேரத்தில் பாருங்கள். டிசிபிக்கு அவ்வப்போது டிராப் வேண்டும், அதைக் கண்டுதான் அது வேகத்தை அறிகிறது.

அதைவிட அவசரமானது வேறு. நீங்கள் வைத்த ஷேப்பர் இங்கிருந்து போவதை மட்டும்தான் காக்கிறது. தலைமை அலுவலகம் எல்லாக் கணினிக்கும் மென்பொருள் புதுப்பிப்பைத் தள்ளுகிற நாளிலோ, அந்தச் சேமிப்பகத்திலிருந்து ஒரு கோப்பை இங்கே மீட்டெடுக்கிற நாளிலோ இதே சிக்கல் தலைகீழாக வரும்: நீங்கள் பேசுவது அங்கே தெளிவாகக் கேட்கும், அவர்கள் குரல் இங்கே உடையும். ஃபோன் கோப்புக்காக எழுதிய கடிதத்திலேயே அவர்கள் பக்கத்து ஸ்விட்ச்சில் உங்கள் கிளைக்கான வழியில் 95 எம்பிபிஎஸ் ஷேப்பரும் இதே வரிசை அமைப்பும் வைக்கச் சொல்லுங்கள். பிபிஎக்ஸ் அனுப்பும் குரலில் 46 இருக்கிறதா என்று உங்கள் 47ஆவது போர்ட்டில் உள்வரும் திசையைப் பிடித்துப் பார்த்து, அந்தப் படத்தையும் இணைத்து அனுப்புங்கள். படம் இருந்தால் அவர்களுடன் வாதாட வேண்டியிருக்காது.